பலாலி: விமானமும் வரட்டும், காணியும் வரட்டும்

"பலாலியில எயார்போர்ட் திறந்தாச்சு, இன்னும் என்ன காணிக் கதை?" எண்டு எங்கட வயசுக்காரர் சிலர் கேட்கினம். சென்னைக்குப் போக இரவிரவா பஸ்ஸில கட்டுநாயக்காவுக்கு அலையத் தேவையில்லை எண்டது நல்ல விசயம்தான். ஆனால் இந்தக் கேள்வி விமான நிலையத்தையும் படைத்தளத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. அரசுக்கு வேண்டியதும் அந்தக் குழப்பம்தான்.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் போடப்பட்டது. போர் முடிந்ததும் அது சனத்துக்குப் பயன்பட்டது. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து இந்த வழியாகத்தான் சென்னைக்குப் போனது. ஆக, படை கட்டிய ஓடுபாதை சனத்தின்ரை ஆகலாம் எண்டதுக்கு பலாலியே சாட்சி.

பிறகு எங்கட போர் வந்தது. பலாலி வடக்கின் பிரதான படைத்தளமானது. 1987இல் இந்திய அமைதிப்படை வந்திறங்கியதும் இங்கேதான். 1990 ஜூனில் வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போடு வெளியேறியது. தளத்தைச் சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாகின. மயிலிட்டி மீனவர் கடலை இழந்தார்கள், பலாலி விவசாயிகள் செம்மண்ணை இழந்தார்கள்.

சண்டை நடந்தபோது பாதுகாப்பு எண்டார்கள். சரி. 2009இல் போர் முடிந்தது. 2013இல் என்ன நடந்தது? யாழ்ப்பாணப் படைத் தலைமையகத்துக்கென 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம்! உரிமையாளரோ உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் முகாம்களில் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் போனார்கள். அந்தக் காலத்தில் வலயத்துக்குள் படையினர் தோட்டம் செய்தார்கள், காங்கேசன்துறையில் விடுதி நடத்தினார்கள். கத்தரிக்காய்க்கும் கடற்கரை விடுதிக்கும் தேசிய பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்?

2015க்குப் பிறகு துண்டு துண்டாகக் காணி விட்டார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் திரும்பியது. அதுவும் சும்மா கிடைக்கவில்லை, சனம் வீதியில் இருந்து போராடித்தான் கிடைத்தது. மிச்சக் காணி இன்னும் வேலிக்குள்ளேயே கிடக்கு.

2019 ஒக்டோபரில் 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' எண்டு பெயர்ப்பலகை மாறியது. கூடவே காரணமும் மாறியது. முன்பு 'பாதுகாப்பு', இப்ப 'அபிவிருத்தி'. வேலி மட்டும் மாறவில்லை. சென்னையிலிருந்து முதலில் வந்தது எழுபது பேரளவு ஏறுகிற ஏடிஆர் விமானம். அது இறங்க ஓடுபாதை போதும், ஊர்கள் தேவையில்லை.

ஓடுபாதையை நீட்டத்தான் வேண்டுமெண்டால் நீட்டட்டும். ஆனால் எந்தக் காணி, எத்தனை பரப்பு, ஏன் எண்டு வரைபடத்தோடு சொல்லட்டும். உரிமையாளரோடு கதைத்து, உரிய விலையோ மாற்றுக் காணியோ குடுத்து எடுக்கட்டும். அந்த வரைபடத்துக்கு வெளியே இருக்கிற ஒவ்வொரு பரப்பையும் திருப்பிக் குடுக்கட்டும். படைத் தலைமையகம் இருக்கத் தனியார் காணிதான் வேணும் எண்டு எந்தக் கட்டாயமும் இல்லை.

அபிவிருத்தியைக் காணிக்கு எதிரா நிறுத்துறது அரசின்ரை வேலை. அந்த வேலையை நாங்கள் ஏன் சம்பளமில்லாமல் செய்யவேணும்? 1990இல் இளந்தாரியாக வெளியேறியவர் இப்ப பேரப்பிள்ளை கண்டிட்டார். பலாலியில ரிக்கற் எடுக்கிற நாங்கள்தான் அவருக்காக முதலில் கேட்கவேணும்.