பழ ஈயும் பதினேழு பி மெமோவும்

வாழைப்பழம் இரண்டு நாள் கிடந்தால் அதைச் சுற்றிப் பறக்குமே, கடுகளவு ஈ, அதற்கும் மூளை உண்டு. அந்த மூளை பாடம் படிக்கிறது. அடித்தால் ஒரு விதமாக, இனிப்புக் கொடுத்தால் வேறு விதமாக. பள்ளியில் பிரம்பு திரும்ப வரவேண்டும் என்று வாதாடும் நம் வயது நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1974-ல் கலிபோர்னியாவில் சீமோர் பென்சரின் ஆய்வுக்கூடத்தில் ஈக்களுக்கு இரண்டு வாசனைகளைக் காட்டி, ஒன்றோடு மட்டும் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு ஈக்கள் அந்த வாசனையை விட்டு ஒதுங்கின. நம் நாடும் இதில் பின்தங்கவில்லை. பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஒபைத் சித்திகியும் அவர் மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸும் இதே ஈ எப்படி மோப்பம் பிடிக்கிறது, எப்படி ருசி அறிகிறது என்று ஆராய்ந்தார்கள். பின்னாளில் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை உருவாக்கியவர் சித்திகிதான். 2013-ல் காலமானார்.

பாடம் பதியும் இடம் மூளைக்குள் காளான் வடிவில் இருக்கிறது. 1850-ல் தேனீயிடம் அதை முதலில் கண்டு எழுதியவர் துழார்தென் என்ற பிரெஞ்சுக்காரர். 'கோர் பெதோன்கியூலே', அதாவது காம்புள்ள உறுப்பு என்று பெயரிட்டார். (பிரெஞ்சில் படித்ததற்கு இந்த வயதில் இப்படி ஒரு பயன்!) பழ ஈயிடம் அதில் பக்கத்துக்குச் சுமார் 2000 செல்கள். ஒரு வாசனை வந்தால் அவற்றில் கொஞ்சம்தான் விழிக்கும். அந்த நேரத்தில் அதிர்ச்சி விழுந்தால் டோபமின் சுரந்து, 'கிட்டே போ' என்னும் இணைப்பைத் தளர்த்திவிடுகிறது. பார்க்கின்சன் நோயாளிகளிடம் குறைந்துபோகிறதே, அதே டோபமின். சர்க்கரை கிடைத்தால் வேறு டோபமின் செல்கள் வேலை செய்து, 'விலகிப் போ' என்பதைத் தளர்த்துகின்றன.

எனக்கு வியப்பளித்தது இனிமேல் சொல்வதுதான். பசித்த ஈக்கு இரண்டு நிமிடம், ஒரே ஒரு தடவை சர்க்கரை காட்டினால் மறுநாளும் ஞாபகம் இருக்கிறது. அதிர்ச்சியால் நீண்ட நாள் ஞாபகம் வரவைக்க, இடைவெளி விட்டுவிட்டுப் பத்துத் தடவை போல வேண்டியிருக்கிறது. பத்தையும் ஒரே மூச்சில் கொடுத்தால் அப்படி நிலைப்பதில்லை.

மனிதன் ஈ அல்லதான். இருந்தாலும், கணக்கு வகுப்பில் அடி வாங்கிய பிள்ளை எதைக் கற்றிருக்கும்? வகுத்தலையா, கணக்கு வாத்தியாரைக் கண்டால் ஒளிவதையா? 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் அடியைத் தடை செய்தது சரிதான் என்பது என் கட்சி. அரசு ஊழியனுக்கும் 17 தான் பயம்! 17 பி மெமோ எப்போது வரும்? தவறு நடந்து இரண்டு, மூன்று வருடம் கழித்து. நான் இருந்த ஓர் அலுவலகத்தில், எந்தக் கோப்புக்காக மெமோ என்பதே வாங்கியவருக்கு மறந்துபோயிருந்தது. இன்கிரிமென்ட்டோ, உழைத்தவனுக்கும் தூங்கியவனுக்கும் ஒரே தேதியில் வரும். இரண்டாலும் யார் திருந்தினார்கள்?

நம் விருத்தாசலம் பீங்கான் பட்டறையைப் பாருங்கள். பொம்மை அச்சைச் சீக்கிரம் பிரித்தால் களிமண் அங்கேயே தொய்ந்துவிடும். வேலை பழகும் பையனுக்கு மெமோ வேண்டியதில்லை, காரணமும் விளைவும் ஒரே நிமிடத்தில் கண் முன்னால். ஈக்கும் அப்படித்தான், வாசனையும் அடியும் அடுத்தடுத்து வரவேண்டும்.

வரிசை மாறினால் இன்னொரு வேடிக்கை. அதிர்ச்சி முடிந்த கையோடு ஒரு வாசனை வந்தால், ஈ அந்த வாசனையை விரும்பத் தொடங்கிவிடுகிறது. பிரம்படிக் காலத்துப் பிள்ளைகளான நமக்குப் பள்ளியில் மிகவும் பிடித்தது கடைசி மணிச் சத்தம்தானே?