கொட்டகை போட்டவர் பெயர் என்ன?

வாலாஜாபாத்தை அடுத்த தென்னேரியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பாரதக் கூத்து நடந்த மறுநாள் காலையில் பேச்சு எதைப் பற்றியிருக்கும் என்பது இந்தப் பக்கத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். துரியோதனன் கட்டியவர் யார், கட்டியக்காரன் யாரைக் கிண்டல் செய்தான், திரௌபதியின் குரல் விடியும்வரை தாங்கியதா என்பவையே பேச்சு. பருவம் தொடங்கும் முன்பே நடிகர்களுக்கும் முகவீணைக்காரருக்கும் முன்பணம் கொடுத்து ஜமாவைக் கட்டியவர், ஊர்ப் பெரியவர்களிடம் வெற்றிலை பாக்கு வாங்கி நாள் குறித்தவர், வண்டி பேசியவர், விடிந்தபின் கூலியைப் பங்கிட்டு மிஞ்சிய கடனைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டவர் எவர் என்று யாரும் கேட்பதில்லை. பல சமயம் துரியோதனன் கட்டியவரே அவர்தான் என்பதும் நினைவில் வராது.

கிராமத்து மக்கள் அப்படிப் பேசினால் அது இயல்பு. அவர்கள் கூத்துப் பார்க்க வந்தவர்கள். ஆனால் தமிழ் நாடக வரலாறு எழுத வந்தவர்களும் இதையே செய்திருக்கிறார்கள் என்பதே நம் குற்றச்சாட்டு. ஆசிரியர்களின் வரலாறும் நட்சத்திரங்களின் வரலாறும் நம்மிடம் உண்டு. நாடகக் கம்பெனியை நடத்தியவர்களின் வரலாறு இல்லை. அது இல்லாமல் மற்ற இரண்டும் பாதி உண்மைகளே.

1891ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். பெல்லாரியிலிருந்து தர்மவரம் கிருஷ்ணமாச்சார்யுலுவின் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டது. அதைக் கண்டு உந்தப்பட்ட இளைஞர் பம்மல் சம்பந்த முதலியார், அதே ஆண்டில் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஏறத்தாழ அதே காலத்தில், தூத்துக்குடிப் பக்கத்தில் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்த இருபத்து நான்கு வயது சங்கரதாஸ், அந்த வேலையை விட்டுவிட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார். ஒருவருக்கு நாடகம் மாலைநேரக் கலை. மற்றவருக்கு அதுவே சோறு. இவ்விரண்டில் எது மரியாதைக்குரியது என்பதை நம் வரலாறு அன்றே முடிவு செய்துவிட்டது.

சம்பந்த முதலியாரைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமல்ல. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். வழக்கறிஞராகவும் பிறகு சென்னைச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்துகொண்டே மேடையை விடாதவர். 'நாடக மேடை நினைவுகள்' என்ற அரிய நூலைத் தந்தவர். தொழில்முறைக் கலைஞர்களைப் பற்றியும் நியாயமாகவே எழுதியிருக்கிறார். சிக்கல் அவருக்குப் பின் வந்தவர்களிடம் தொடங்குகிறது. எழுதி வைத்தவரின் பார்வையே வரலாறு என்று அவர்கள் கொண்டார்கள். சபைக்காரர்கள் படித்தவர்கள், எழுதினார்கள். கம்பெனிக்காரர்களுக்குக் கணக்கு நோட்டு எழுதவே நேரம் போதவில்லை. விளைவு, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நாடகத்தைக் 'கூத்தாடிகளிடமிருந்து மீட்டார்கள்' என்ற கதை நிலைத்துவிட்டது.

மீட்டார்களா? சபை அமைவதற்கு முன்பும் பின்பும் மாவட்டம் மாவட்டமாகத் தமிழ் மேடையை உயிரோடு வைத்திருந்தவர்கள் யார்? தஞ்சாவூரில் மனமோகன நாடகக் கம்பெனியை நடத்திய 'நவாப்' கோவிந்தசாமி ராவ். அவர் வழியில் வந்த கல்யாணராமய்யர். அடுத்த தலைமுறையில், ஸ்ரீகிருஷ்ண வினோத சபையின் காட்சி ஜோடனைகளால் ஊர்களைத் திரட்டிய சி. கன்னையா. கிட்டப்பாவின் பெயர் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குக் கன்னையாவின் பெயர் தெரியும்?

இவர்களுடைய வேலை என்னவென்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். ஒரு ஊரைத் தேர்ந்து, மைதானத்தை வாடகைக்குப் பேசி, கீற்றுக் கொட்டகை போட வேண்டும். 1876இல் வந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் கீழ் எந்த நாடகத்தையும் தடுக்க அரசுக்கு அதிகாரம் இருந்ததால் அதிகாரிகளைப் பகைத்துக்கொள்ளக் கூடாது. திரைகளையும் உடைகளையும் ஆர்மோனியத்தையும் மாட்டு வண்டியிலும் ரயிலிலும் ஏற்ற வேண்டும். நாற்காலி, பெஞ்சு, தரை என்று டிக்கெட்டை வகுக்க வேண்டும். மழை பெய்தால் வசூல் இல்லை. காலரா வந்தால் ஊரே இல்லை. அப்போதும் கம்பெனி வீட்டில் அத்தனை பேருக்கும் உலை வைத்தாக வேண்டும். ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டினால் மாற்று ஆள் வேண்டும், வேறு கம்பெனி கூடுதல் பணம் காட்டினால் அவர் போய்விடாமல் பிடித்து வைக்கவும் வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் எந்த நாடகம் எந்த ஊரில் எடுபடும் என்ற ரசனைத் தீர்ப்பை நாள்தோறும் அவர் எழுத வேண்டியிருந்தது. அந்தத் தீர்ப்பு தவறினால் சொத்து போகும். எந்த விமர்சகர் தன் தீர்ப்புக்கு இவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்?

இங்கிலாந்தைப் பாருங்கள். லைசியம் அரங்கை நடத்திய ஹென்றி இர்விங்குக்கு 1895இல் விக்டோரியா மகாராணி 'சர்' பட்டம் தந்தார். ஊர் ஊராக ஷேக்ஸ்பியரைக் கொண்டு சென்ற ஃபிராங்க் பென்சனுக்கு 1916இல் அதே பட்டம் கிடைத்தது. மார்கேட் என்ற கடலோர ஊரில் அரங்கு நடத்திய சாரா தோர்ன் என்ற பெண்மணியை, நடிகர்களைப் பயிற்றுவித்த ஆசிரியையாக அந்நாட்டு நாடக வரலாறு இன்றும் குறிப்பிடுகிறது. அங்கும் முதலாளிகள் கடனாளிகளாகச் செத்திருக்கிறார்கள். ஆனால் 'நடிகர்-மேலாளர்' என்ற ஒரு வகையினர் இருந்தார்கள் என்றாவது அந்நாடு அறிந்திருக்கிறது.

நம் சாரா தோர்னை நாம் என்ன செய்தோம்? கும்பகோணத்தில் பெண்களையே நடிகர்களாகக் கொண்டு கம்பெனி நடத்திய பாலாமணி அம்மாளைப் பற்றி நம்மிடம் மிஞ்சியிருப்பது அவர் அழகைப் பற்றிய பேச்சும், அவர் நாடகத்துக்காகவே ரயில் விட்டார்கள் என்ற கதையும்தான். சுகுண விலாச சபையில் ரங்கவடிவேலு போன்ற ஆண்கள் பெண் வேடம் பூண்டு புகழ்பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு பெண்மணி பெண்களுக்கு மேடையில் பிழைப்புத் தந்தார், கணக்குப் பார்த்தார், நாடகம் தேர்ந்தார். அதை நிர்வாகம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. வம்பாக மாற்றிவிட்டோம். அவருடைய தேவதாசி மரபு அதற்கு வசதியாக இருந்தது.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று உண்டு. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் அடிபட்டார்கள், படிப்பிழந்தார்கள். ஒப்பந்தம் என்ற பெயரில் கட்டிப்போடப்பட்டார்கள். தப்பி ஓடியவர்களும் உண்டு. இது உண்மை. கம்பெனி முதலாளிகளைத் தெய்வமாக்குவது நம் வேலை அல்ல. ஆனால் கொடுமைக்குப் பொறுப்பானவரின் பெயரும் வரலாற்றில் வேண்டுமல்லவா? பெயரே எழுதாமல் விட்டால் புகழோடு பழியும் சேர்ந்து அழிந்துபோகிறது.

சங்கரதாஸ் சுவாமிகளையே பாருங்கள். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபை. 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்று அவரைக் கொண்டாடுகிறோம். 1922இல் புதுச்சேரியில் அவர் இறந்ததையும் சொல்கிறோம். பால சபைக்குப் பணம் போட்ட முதலாளிகள் யார் என்று கேட்டால் விழிக்கிறோம். அந்தச் சபையில் சிறுவனாகச் சேர்ந்த டி.கே. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை'யை எழுதியிராவிட்டால் அந்த உலகத்தின் பெரும்பகுதி தடமின்றிப் போயிருக்கும். 1925இல் தம் சகோதரர்களோடு சொந்தக் கம்பெனி கண்டவர் அவர். கணக்கு நோட்டைத் தொட்ட கை எழுதியதால்தான் அந்த நூலில் கலையோடு கடனும் இருக்கிறது.

அந்தக் கம்பெனிகளின் பயனைத் தமிழ்ச் சமூகம் அரை நூற்றாண்டு அனுபவித்தது. எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து வந்தார். சிவாஜி கணேசன் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியிலிருந்து வந்தார். என்.எஸ். கிருஷ்ணன் டி.கே.எஸ். சகோதரர்களிடமிருந்து வந்தார். அவர்களுக்குச் சோறு போட்டு, வசனம் உச்சரிக்கக் கற்றுத்தந்த ஏற்பாடு எது என்று கேட்டால், 'கம்பெனி நாடகம்' என்ற சொல்லை இகழ்ச்சியாக உதிர்த்துவிட்டு நகர்கிறோம். சிற்றிதழ்ச் சூழலில் வளர்ந்த நமக்கு வணிகம் என்றாலே கை கூசுகிறது. பத்திரிகை நடத்திக் கைப்பணம் இழந்தவரைத் தியாகி என்கிறோம். நாடகம் நடத்தி வீட்டை இழந்தவரை வியாபாரி என்கிறோம். இந்த நேர்மையின்மையை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் அல்ல. நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள், ஒப்பந்தச் சீட்டுகள், கடன் பத்திரங்கள் இன்னும் சில குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் இருக்கக்கூடும். கறையான் முந்துவதற்குள் நாம் முந்த வேண்டும். நாடகத்தைப் பற்றி எழுதும்போது யார் எழுதியது, யார் நடித்தது என்பதோடு, யார் நடத்தியது என்ற மூன்றாவது கேள்வியையும் கேட்கும் பழக்கம் வர வேண்டும்.

அதைத் தென்னேரிப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். அடுத்த முறை கூத்து முடிந்து விடியும்போது, வேடம் கலைத்துக்கொண்டே கூலியைப் பங்கு பிரிப்பவர் அருகில் சற்று உட்காருங்கள். அவர் பெயரைக் கேளுங்கள். எந்தெந்த ஊர், எவ்வளவு முன்பணம், எவ்வளவு பாக்கி என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோவிந்தசாமி ராவுக்கும் பாலாமணிக்கும் நாம் செய்யத் தவறியதை அவருக்காவது செய்வோம்.