மாத்திரையை மறைக்காதீர்கள்!

காக்காய் வலிப்புக்கு மருந்து உண்டு. இன்று நேற்றல்ல, நூறு ஆண்டுகளுக்கு மேலாகவே உண்டு. தக்க மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், வலிப்பு நோயாளிகளில் 100க்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. செலவு? ஆண்டுக்கு 5 அமெரிக்க டாலர் செலவில்கூட ஒருவருக்கு மருந்து கொடுக்க முடியும் என்பது அதே நிறுவனத்தின் கணக்கு. ஒரு கலியாணப் பட்டுப் புடவையின் முந்தானைக்குக்கூட அந்தப் பணம் போதாது!

அப்படியிருந்தும், ஏழை நாடுகளில் வலிப்பு நோயாளிகள் 4 பேரில் 3 பேருக்கு வேண்டிய மருத்துவம் கிடைப்பதில்லை. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. இந்தியாவில் மட்டும் சுமார் 1 கோடிப் பேர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

மருந்து இருக்கிறது, விலையும் மலிவு. பிறகு ஏன் இந்த நிலை?

டாக்டர் இல்லாத ஊர்கள் ஒரு காரணம். மருந்து தீர்ந்து போகும் ஆஸ்பத்திரிகள் இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் மறைப்பு!

கலியாணத்தோடு நிற்கும் மாத்திரை

நம் ஊர்களில் நடக்கிற கதைதான் இது. ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வருகிறது. பெற்றோர் டாக்டரிடம் காட்டுகிறார்கள். அவர் மாத்திரை கொடுக்கிறார். வலிப்பு நின்று விடுகிறது. பெண் படிக்கிறாள், வேலைக்கும் போகிறாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூட விஷயம் தெரியாது.

கலியாணம் நிச்சயமாகிறது. "சொன்னால் சம்பந்தம் முறிந்து போகும்" என்று வாயை மூடிக் கொள்கிறார்கள். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணம் செய்து வை என்று பழமொழியே இருக்கிறதே! புகுந்த வீட்டுக்குப் போகும் பெட்டியில் நகை இருக்கிறது, புடவை இருக்கிறது. மாத்திரை மட்டும் இல்லை. மாமியார் கண்ணில் பட்டால் என்ன ஆவது என்ற பயம்!

கலியாண அலைச்சல்; இரவெல்லாம் கண் விழிப்பு; மாத்திரையும் இல்லை. வலிப்பு வருவதற்கு வேறு என்ன வேண்டும்? புது வீட்டில், அடுப்படியிலோ கிணற்றடியிலோ பெண் விழுகிறாள். ரகசியம் உடைகிறது. "எங்களை ஏமாற்றி விட்டார்கள்" என்று சம்பந்திகள் குதிக்கிறார்கள். பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறாள்.

மானம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். பல வருஷம் சாப்பிட்ட வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், வலிப்பு முன்னிலும் பலமாகத் திரும்பலாம். ஒன்று நின்று நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வரலாம். அது உயிருக்கே உலை வைக்கும். ஆகவே அந்த ஒரு பொய்யை மற்ற பொய்களோடு சேர்த்து எண்ணக் கூடாது.

பேயா? மின்சாரமா?

எதற்காக இவ்வளவு மறைக்கிறோம்? வலிப்பைப் பேய் என்றும், பாவத்தின் பலன் என்றும், பைத்தியத்தின் தொடக்கம் என்றும் நினைப்பதால்தான்.

நம் மூளையில் கோடானு கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை மிக மிகச் சிறிய மின் துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக் கொள்கின்றன. ஏராளமான அணுக்கள் ஒரே நேரத்தில், கட்டுக்கு அடங்காமல், சேர்ந்து துடித்தால் அதுவே வலிப்பு. ஜெர்மனியில் யேனா நகரத்து மனநோய் டாக்டர் ஹான்ஸ் பெர்கர், 1924இல் மனித மூளையின் மின்சாரத்தைத் தலைக்கு மேலிருந்தே பதிவு செய்தார். 1929இல் அதை வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க டாக்டர்கள் அதே முறையில் வலிப்பின் அலைகளையும் கண்டார்கள். வேப்பிலைக்கு அடங்காத பேய், காகிதத்தில் கோடாக வந்து அகப்பட்டுக் கொண்டது!

பிறக்கும்போது மூச்சுத் திணறல், தலையில் அடி, மூளைக் காய்ச்சல், பக்கவாதம் ஆகியவை இந்த நோய்க்குக் காரணமாகலாம். பன்றி நாடாப்புழுவின் முட்டை கலந்த தண்ணீராலும், சரியாகக் கழுவாத காய்கறியாலும் வரலாம். சைவ உணவு சாப்பிடுகிறவர்களும் இதற்குத் தப்ப முடியாது. சிலருக்குப் பரம்பரை. பலருக்குக் காரணமே தெரிவதில்லை. இந்தப் பட்டியலில் பாவத்துக்கு எங்கே இடம்?

சாவிக்குக் கிடைத்த பெயர்

ஒருவர் வலிப்பு வந்து விழுந்ததும் ஒரு கூட்டம் கூடுகிறது. சாவிக் கொத்தைக் கையில் திணிக்கிறார்கள். இரண்டொரு நிமிஷத்தில் வலிப்பு நின்று விடுகிறது. "பார்த்தீர்களா, இரும்பின் மகிமையை!" என்கிறார்கள். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிஷத்தில் தாமாகவே நின்று விடும். வாழைப்பழத்தைக் கொடுத்திருந்தாலும் நின்றிருக்கும்!

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பக்கத்தில் இருக்கும் கல்லையும் நெருப்பையும் அகற்றுங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று ஒரு துணி வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். நன்றாக நினைவு திரும்பும் வரை தண்ணீர் கொடுக்காதீர்கள். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால், உடனே ஆஸ்பத்திரிக்கு!

மருந்து வந்த கதை

சாவியைக் கொடுத்தவர்களும் வலிப்பு நின்றதைப் பார்த்தார்கள். மருந்து கண்டவர்களும் பார்த்தார்கள். ஆனால் இவர்கள் பார்த்ததோடு விடாமல் சோதித்தார்கள்.

1857இல் லண்டன் டாக்டர் சார்லஸ் லோகாக், சில பெண்களின் வலிப்பு மாதவிடாய்க் கோளாறால் வருவது என்று எண்ணிப் பொட்டாசியம் புரோமைடு கொடுத்தார். எண்ணம் தவறு, மருந்து பலித்தது! ஆனால் அது ஆளை மந்தமாக்கி விடும். 1912இல் ஜெர்மனியில் ஆல்பிரெட் ஹாப்ட்மன் என்ற டாக்டர், தூக்க மருந்தாக வந்த லூமினாலை வலிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்தார். தூக்கம் வந்தது, கூடவே வலிப்பும் குறைந்ததைக் கவனித்தார். பினோபார்பிடால் என்ற பெயரில் அந்த மருந்து இன்றும் ஏழைகளுக்குக் கை கொடுக்கிறது.

வலிப்பை அடக்க வேண்டுமானால் ஆளைத் தூங்க வைத்துத்தான் ஆக வேண்டுமா? "வேண்டியதில்லை" என்று காட்டினார்கள், பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் மெரிட்டும் புட்னமும். 1908இல் செய்யப்பட்டு, கவனிப்பார் இல்லாமல் கிடந்த பெனிடாயினை அவர்கள் பூனைகளிடம் சோதித்தார்கள். பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்து, 1938இல் பலனை வெளியிட்டார்கள்.

1962இல் பிரான்சில் ஒரு வேடிக்கை நடந்தது. பியேர் எமார் என்ற ஆராய்ச்சியாளர் சில புதுச் சரக்குகளை வால்ப்ராயிக் அமிலத்தில் கரைத்துச் சோதனைக்குக் கொடுத்தார். எந்தச் சரக்கைக் கொடுத்தாலும் வலிப்பு அடங்கியது. இது எப்படி? யோசித்துப் பார்த்தால், சரக்குகள் வேறு வேறு; கரைத்த திரவம் ஒன்றே! வால்ப்ரோயேட் என்ற மருந்து இப்படித்தான் கிடைத்தது.

வலிப்பு என்பது பைத்தியம் அல்ல. ஆனாலும் இதே வால்ப்ரோயேட், அளவு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோயையும் தணிக்கிறது. நரம்பு நோயும் மனநோயும் ஒரே மூளையில் குடியிருப்பவை. இரண்டில் எதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.

கருவில் இருக்கும் குழந்தைக்காக

இங்கே தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவுற்றிருக்கும்போது வால்ப்ரோயேட் சாப்பிட்டால், பத்துக் குழந்தைகளில் ஒன்று உடற்குறையோடு பிறக்கலாம். அறிவு வளர்ச்சியும் குன்றலாம். ஆகவே, குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு வேறு மருந்து உதவுமா என்று டாக்டர் முன்கூட்டியே பார்க்க வேண்டும். பயந்து போய்த் தாமாகவே மருந்தை நிறுத்துவதும் ஆபத்து.

கணவனுக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளித்து வைத்திருக்கும் பெண், எந்த டாக்டரிடம் போய்க் கேட்பாள்? எப்போது போவாள்? மறைப்பு இரண்டு உயிர்களோடு விளையாடுகிறது.

சட்டம் திருந்தியது, நாம்?

ஒரு காலத்தில் சட்டமே வலிப்பைப் பைத்தியத்தோடு சேர்த்துப் பேசியது. திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவர் மணம் செய்து கொள்ளத் தகாதவர் என்று 1976இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்தார்கள். 1999இல் அந்தச் சொல்லை நீக்கி விட்டார்கள். சட்டப் புத்தகத்தில் இருந்து போனது, பெண் பார்க்கும் கூடத்தில் இருந்து இன்னும் போகவில்லை.

"உண்மையைச் சொன்னால் கலியாணம் நடக்காதே" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான பயம்தான். சில சம்பந்தங்கள் முறியத்தான் முறியும். நிச்சயத்துக்கு முன் முறிந்தால், போனது ஒரு சம்பந்தம். தாலி ஏறிய பின் முறிந்தால், போவது ஒரு பெண்ணின் வாழ்வு. பிள்ளை வீட்டாருக்கும் இதே நியாயம்தான். மகனுடைய வலிப்பை மறைத்து மருமகளைக் கொண்டு வருவது மட்டும் ஏமாற்று இல்லையா?

ஆகவே என் யோசனை இது. டாக்டரையே நடுவராக வைத்து, இரு வீட்டாரும் முன்னதாகப் பேசி விடுங்கள். "நோய் உண்டா?" என்று கேட்பதோடு நிற்காமல், "மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? கடைசியாக வலிப்பு வந்து எத்தனை வருஷம் ஆயிற்று?" என்று கேளுங்கள். இரண்டு ஆண்டுகள் வலிப்பு வராமல் இருந்தால், பலருக்கு மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தவும் முடியும். அதை டாக்டர் முடிவு செய்யட்டும். கலியாணத் தேதி முடிவு செய்யக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மாத்திரை ஒரு நாளும் தீர்ந்து போகாமல் பார்த்துக் கொள்வது அரசாங்கத்தின் கடமை.

சர்க்கரை வியாதிக்காரர், பந்தியில் உட்கார்ந்து, பத்துப் பேர் எதிரில் மாத்திரையை எடுத்துப் போட்டுக் கொள்கிறார். யாராவது முகம் சுளிக்கிறார்களா? "எனக்கும் அதே மாத்திரைதான்" என்று பக்கத்து இலைக்காரர் பேச்சுக் கொடுக்கிறார்! வலிப்பு மாத்திரைக்கும் அந்தப் பந்தியில் ஓர் இடம் கொடுங்கள். அவ்வளவு போதும்.