விளம்பரம் எழுதத் தெரிந்த பிள்ளைகள்

பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில் வழக்கமாக ஒரு கேள்வி வரும். கொடுத்த குறிப்புகளை வைத்துக் கவர்ச்சியான விளம்பரம் ஒன்று தயாரிக்க வேண்டும். கடைப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, தள்ளுபடியை நட்சத்திரத்துக்குள் அடைத்து, சுற்றிலும் கட்டம் போட்டால் மதிப்பெண் நிச்சயம். விருத்தாசலத்துப் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். ஆனால் தன்னைத் தேடி வரும் விளம்பரத்தைப் படித்துவிட்டு, இது எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று எழுதச் சொல்லும் கேள்வியை நாம் பார்த்ததில்லை.

செராமிக் டிப்ளமா முடித்தவருக்கும், தொழிற்பேட்டையில் அகல் விளக்குக்கும் பொம்மைக்கும் வண்ணம் தீட்டும் வீட்டுப் பிள்ளைக்கும் இங்கே ஆங்கிலம் என்றால் வேலை. அதனால் ஆங்கிலத்தில் வந்த எதற்கும் ஆபீஸ் கடிதத்துக்குரிய மரியாதை கிடைத்துவிடுகிறது. வீட்டில் தம்பி சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்கிறவர், வாட்ஸப்பில் இங்கிலீஷில் வந்தால் வாயடைத்துப் போகிறார். சூளையிலிருந்து எடுத்த பீங்கானைச் சுண்டிப் பார்த்து, ஓசையிலேயே விரிசலைக் கண்டுபிடிக்கும் தொழில் நடக்கிற ஊர் இது!

ஊரெல்லாம் சுற்றும் ஒரு குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்வோம். 'யூ ஹேவ் பீன் செலக்டட்' என்று தொடங்கும். வீட்டிலிருந்தபடி வீடியோவுக்கு லைக் போட்டால் தினமும் பணம் என்று முடியும். முதலில் நூறு இருநூறு உண்மையாகவே கணக்கில் ஏறும். பிறகுதான் 'டாஸ்க்' தொடர முன்பணம் கேட்பார்கள். ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் என்று வருஷக்கணக்கில் மாற்றி எழுதி வந்த பிள்ளைக்கு இது பாஸிவ் வாக்கியம் என்று தெரியும். கடைசியில் வரவேண்டிய 'பை' எங்கே, தேர்ந்தெடுத்தவர் யார், நாம் விண்ணப்பமே போடவில்லையே என்று கேட்க மட்டும் பழக்கவில்லை. 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது' என்பதிலும் இதே ஒளிவுதான். வகுப்பில் பாஸிவை ஆக்டிவாக மாற்றச் சொல்கிறோமே, அந்த வேலையை இங்கே செய்தால் இலக்கணமும் படியும், ஏமாற்றும் பிடிபடும்.

இது சில்லறை விஷயமல்ல. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்திறங்கியவர்களில் 13 பேர் தமிழர்கள். படிக்கத் தெரியாததால் சிக்கியவர்களில்லை இவர்கள்.

இன்னொன்று 'அலோ' பட்டன். கடன் செயலி ஒன்று நம் தொடர்பு எண்களையெல்லாம் கேட்கிறது, அலோ என்கிறோம். தவணை தவறினால் மாமனார் வரை போன் போகிறது. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லிவிட்டது. தகவல் கேட்பவர் தரும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வசதி வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இந்த இரண்டையும் வைத்து ஒரு பீரியடே நடத்தலாம்.

தமிழில் வந்தால் மட்டும் ஜாக்கிரதையாக இருக்கிறோமா என்றால், அதுவும் இல்லை. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸப்பில் பரவிய வதந்தி போளூர் பக்கம் அத்திமூரில் ஒரு மூதாட்டியின் உயிரைக் குடித்தது. அதே ஆண்டு கேரளத்தின் கண்ணூரில், பொய்ச் செய்தியை இனங்காணப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாவட்ட நிர்வாகம் வகுப்பெடுத்தது. நம் கடலூர் மாவட்டத்துக்கு அது எட்டாத தூரமில்லை. ஆங்கில வகுப்பிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம், அச்சம் கூடுதலாக இருப்பது அங்கேதான்.

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். நியாயம்தான். பள்ளிக்குள் போனும் கூடாது. ஆனால் கரும்பலகையும் சாக்பீஸும் போதுமே. பாடப்புத்தக வாக்கியம் ஐந்துக்குப் பதில், வந்த செய்தியிலிருந்து ஐந்து. அப்படிப்பட்ட செய்திகளை, பெயரும் எண்ணும் நீக்கி, வாசகர்கள் நமக்கு அனுப்பலாம். அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கத்தை அதற்கு ஒதுக்குகிறோம். ஆசிரியர்கள் அதைத் தாராளமாக ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.