எதிரணி இல்லாத ஊர்

தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்ற பட்டத்தைக் கோவை நெடுங்காலமாகச் சுமந்து வருகிறது. பஞ்சாலைகள் பல மூடப்பட்ட பிறகும் பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மான்செஸ்டரின் இளைஞர்கள் அந்த மான்செஸ்டரின் இரண்டு அணிகளுக்காக மாலைதோறும் பேக்கரி வாசல்களில் மோதிக்கொள்கிறார்கள். 2013இல் ஃபெர்குசன் ஓய்வுபெற்ற பின் யுனைடெட்டைக் கெடுத்த பயிற்சியாளர்களில் யார் முதன்மையானவர் என்பதைப் பற்றி அவர்கள் ஆற்றும் சொற்பொழிவுகள் நம் பட்டிமன்றப் பேச்சாளர்களை நாணவைக்கும். அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: நீங்கள் படித்த கல்லூரியின் கால்பந்து அணித்தலைவர் பெயர் என்ன? கல்லூரிக்கு அணி என்று ஒன்று இருந்ததா என்பதே பலருக்கு ஐயம்.

இளைஞர்களைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. அவர்களுக்கு ரசனை இருக்கிறது, நினைவாற்றல் இருக்கிறது, சண்டையிடும் தெம்பும் இருக்கிறது. சண்டையிட உள்ளூரில் ஓர் அணியை யாரும் அவர்களுக்குத் தரவில்லை. நம் வழக்கு அதைத் தரத் தவறியவர்கள் மீது. கல்லூரிகள் மீதும், பல்கலைக்கழகங்கள் மீதும், விளையாட்டென்றாலே அறிவுக்குக் கீழான சமாச்சாரம் என்று முகம் சுளிக்கும் நம்மைப் போன்ற வாசகக் கூட்டத்தின் மீதும்.

அந்த மான்செஸ்டரில் அணிகள் எப்படி உண்டாயின? யுனைடெட்டின் மூலம் 1878இல் நியூட்டன் ஹீத் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கிய குழு. சிட்டியின் மூலம் 1880இல் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய குழு. மக்கள் அன்றாடம் கூடிய இடத்தில் அணி முளைத்தது. கோவையில் இளைஞர் ஆயிரக்கணக்கில் அன்றாடம் கூடும் இடம் எது? கல்லூரிதான். ஆலை கட்டிய குடும்பங்களே இங்கே கல்லூரியும் கட்டின. பீளமேட்டுப் பி.எஸ்.ஜி. குடும்பத்தின் அறநிலையம் 1926இலேயே தொடங்கிவிட்டது. அவிநாசி சாலையில் தொடங்கிப் பொள்ளாச்சி, ஈரோடு, பெருந்துறை என்று கொங்கு நாடெங்கும் கல்லூரி வாசல்கள்தாம். ஆகவே இந்த மண்ணில் கால்பந்து வேர்விட வேண்டுமானால் அது கல்லூரியில்தான் விட்டிருக்க வேண்டும்.

இது நடவாத காரியமன்று என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அவர்கள் கால்பந்து என்றழைப்பது பெரும்பாலும் கையால் ஆடப்படும் வேறோர் ஆட்டம், அது ஒருபுறமிருக்கட்டும். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் 1,07,000க்கும் மேற்பட்டோர் அமரலாம். அரங்கு இருக்கும் ஆன் ஆர்பர் நகரின் மக்கள்தொகையே ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம்தான். ஓஹியோ ஸ்டேட் அணியோடு அவர்களுக்குள்ள பகை 1897இல் தொடங்கியது. பேரன் தாத்தாவின் தோல்வியைத் தன் தோல்வியாகப் பேசுகிறான். அங்கும் அழுக்குண்டு. பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோரிலேயே மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் கல்லூரிப் பயிற்சியாளர். மூளை அதிர ஆடிய மாணவனோ 2021 வரை தன் பெயரை வைத்துக்கூடப் பணம் ஈட்ட முடியாதவனாக இருந்தான். அந்தச் சந்தை நமக்கு வேண்டாம். ஆனால் ஒரு கல்லூரி அணியை ஓர் ஊர் தன்னுடையது என்று எண்ண முடியும் என்ற உண்மையை அந்தச் சந்தை பொய்யாக்கிவிடவில்லை.

நம்மிடம் என்ன நடக்கிறது? கல்லூரிகளுக்கிடையிலான போட்டி பெரும்பாலும் ‘நாக்-அவுட்’ முறையில் நடக்கிறது. முதல் ஆட்டத்தில் தோற்ற அணி அன்று மாலையே பேருந்து ஏறுகிறது. ஆண்டு முழுதும் காலை ஆறு மணிக்குப் பந்தோடு ஓடியவனுக்கு ஆண்டுக்கு ஒரே ஓர் அதிகாரபூர்வ ஆட்டம்! அதுவும் வேலைநாளில், நண்பகல் வெயிலில், வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும்போது. பார்ப்பவர் யார்? மாற்று ஆட்டக்காரர்கள், இரண்டு உடற்கல்வி இயக்குநர்கள், ஒரு தண்ணீர்க் கேன். சென்ற ஆண்டு தோற்கடித்த அணியை இந்த ஆண்டு சந்திப்போமா என்பது சீட்டுக் குலுக்கலின் தயவு. மீண்டும் சந்திப்போம் என்ற உறுதி இல்லாத இடத்தில் பகை எப்படி வளரும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடும் கலைக் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தோடும் இணைந்தவை. ஆகவே சில கல் தொலைவில் இருக்கும் இரு கல்லூரிகள் பல்கலைக்கழகப் போட்டியில் ஒருபோதும் மோதிக்கொள்ள முடியாது. நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு ஊரையே இரண்டாகப் பிரித்திருக்கிறது.

பயிற்சியாளரைப் பற்றிப் பேசாமல் ரசிகன் பேச்சு முழுமையாகாது. ஆனால் நம் கல்லூரிகளில் யாரைப் பற்றிப் பேசுவது? பெரும்பாலான இடங்களில் ஒரே உடற்கல்வி இயக்குநர்தான் கைப்பந்துக்கும் கால்பந்துக்கும் தடகளத்துக்கும் பொறுப்பு. பட்டமளிப்பு விழாவில் நாற்காலி எண்ணுவதும், விருந்தினர் வாகனங்களை நிறுத்த மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதும் அவர் தலையில்தான். நமக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் கோல் கம்பங்களைப் பிடுங்கிப் பந்தல்காலாக நட்டார்கள். அவருக்கு ஆட்ட உத்தி தெரியாது என்று சிரிப்பவர்கள், அவர் கடைசியாக எப்போது ஒரே ஆட்டத்தைப் பற்றி ஒரு வாரம் தொடர்ந்து யோசிக்க அனுமதிக்கப்பட்டார் என்று கேட்க வேண்டும்.

யோசிக்க அனுமதிக்கப்பட்ட பயிற்சியாளர் என்ன செய்வார் என்பதைக் கோவை கண்ணாரக் கண்டிருக்கிறது. 2018-19 ஐ-லீக் பருவத்தில் நேரு விளையாட்டரங்கைத் தன் களமாகக் கொண்டு ஆடியது சென்னை சிட்டி எஃப்.சி. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் அதன் பயிற்சியாளர். பெயர்பெற்ற நட்சத்திரங்கள் இல்லை. ஸ்பெயினிலிருந்து வந்த சிலரையும் நம் தமிழ்ப் பையன்களையும் ஒன்றாக நிறுத்தி, பந்தைத் தரையிலேயே வைத்து ஆடும் நிதானத்தை அவர்களுக்குள் புகுத்தினார். தூக்கி அடித்துவிட்டுத் துரத்துவதையே வீரமென்று நம்பிய நாட்டில் அது ஒரு பண்பாட்டு மாற்றம். பெட்ரோ மான்சி 21 கோல்கள் போட்டார். 2019 மார்ச் 9 அன்று, பருவத்தின் கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே கோல் அடித்து முன்னிலை பெற்றுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே வெற்றி கிட்டாமல் போய் அங்கே அவர்கள் வென்றால் பட்டம் கொல்கத்தாவுக்கு. இரண்டாம் பாதியில் மான்சி ‘பெனால்டி’யில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா இரண்டு. 3-1. ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆனால் 43க்கு 42 என்று ஒரே புள்ளியில் பட்டம் கோவையில் நின்றது. நம் கருத்தில் அந்தப் பருவத்தில் அக்பர் நவாஸ் செய்ததற்கு ஈடான பயிற்சிப் பணி தமிழ் மண்ணில் நடந்ததில்லை. (அதே ஆண்டு மே மாதத்தில் மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் இந்திய மகளிர் லீக்கையும் வென்றார்கள். அதற்கு நம் இதழ்கள் எத்தனை வரி ஒதுக்கின என்பது வேறொரு கட்டுரைக்கான வயிற்றெரிச்சல்.)

அந்த வெற்றி எங்கே போயிற்று? ஸ்விட்சர்லாந்தின் பாசெல் கழகம் 2019இல் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. 2020இல் பெருந்தொற்று பருவத்தைப் பாதியில் நிறுத்தியது. அடுத்த பருவம் முழுதும் மேற்கு வங்கத்தில் நடந்தது. 2020-21க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணி இல்லை. ஒரு தேசிய வாகையர் அணி ஊரைவிட்டு மறைந்ததற்கு உக்கடத்திலிருந்து கவுண்டம்பாளையம் வரை ஒரு சுவரொட்டியைக்கூட நாம் பார்த்த நினைவில்லை. சட்டையில் ‘சென்னை’ என்று எழுதியிருந்ததால் மட்டும் இது நேரவில்லை. அந்த அணி வெல்லக் கோவைக்காரர் கைதட்டினார். ஆனால் அது தோற்றால் மறுநாள் அவரைக் கேலிசெய்யப் பக்கத்தில் ஒருவர் இல்லை. எதிரணியின் ஊர் கோழிக்கோட்டிலும் கொல்கத்தாவிலும் ஸ்ரீநகரிலும் இருந்தது. வெற்றியைத் தருவிக்க முடிந்தது. பகையைத் தருவிக்க முடியவில்லை.

பகை என்ற சொல்லே சில நண்பர்களுக்கு உவப்பாக இராது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் மோகன் பாகனும் ஈஸ்ட் பெங்காலும் ஆடிய நாளில் 16 ரசிகர்கள் இறந்தார்கள், அதுவா வேண்டும் என்பார்கள். அது வேண்டாம். அந்தச் சாவுகளை மறந்துவிட்டு மேலே பேசுவதும் நேர்மையாகாது. ஆனால் அதே பகைதான், நாட்டுப் பிரிவினையில் வீடிழந்து வந்த கிழக்கு வங்கத்தாருக்குப் புதிய நகரில் தலைநிமிர ஓர் இடம் கொடுத்தது. வென்றால் இவர்களுக்கு இலிசா மீன், அவர்களுக்கு இறால் என்று அடுப்படி வரை சென்றது. அரங்கக் கதவும் காவலும் சரியாக இல்லாததற்கு அன்பைத் தண்டிப்பது என்ன நியாயம்?

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. கொங்குப் பகுதியில் ‘நம்மாளு’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அறிந்தவர்கள், இங்கே இன்னொரு பிரிவினையை வளர்ப்பதா என்று கேட்பார்கள். நாம் கேட்பது அதற்கு நேரெதிரானதை. இந்த மண்ணில் ஒருவன் சார்ந்து நிற்கும் பக்கங்கள் பெரும்பாலும் பிறக்கும்போதே தீர்மானமாகிவிடுகின்றன. கல்லூரி அணி பிறப்பால் வராத பக்கம். தோட்டத்துக்காரர் மகனும் அந்தத் தோட்டத்தில் கூலிக்குப் போனவர் மகனும் மலப்புறத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிய பையனும் ஒரே வண்ணத்தில் நின்று எதிர்ப்பக்கத்தை நோக்கிக் கத்தும் வாய்ப்பு இங்கே வேறெங்கு இருக்கிறது? சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

கொங்குக்காரர் இயல்பிலேயே சாது, வியாபாரமே அவர் விளையாட்டு என்ற சமாதானமும் செல்லாது. பல்லடம், உடுமலைப் பக்கம் ஒரு ரேக்ளா பந்தயத்துக்குப் போய் நில்லுங்கள். 200 மீட்டரில் எந்த ஊர்க் காளை எத்தனை நொடியில் ஓடியது, அதை ஓட்டியவர் யார், அது யார் பட்டியில் பிறந்தது என்று வழிவழியாக ஒப்பிப்பார்கள். கூட்டம் தானாக வருகிறது. மாலை நேரத்தில், விளக்கொளியில் நடந்தால் கல்லூரி வளாகத்துக்குள்ளும் வரும் என்பதற்குப் பி.எஸ்.ஜி. கோப்பைக் கூடைப்பந்துப் போட்டியே போதிய சான்று.

இலக்கிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1970களில் இந்த ஊரிலிருந்துதான் வானம்பாடிகள் பறந்தார்கள். அவர்களில் கல்லூரி ஆசிரியர்கள் பலர். பொள்ளாச்சிக் கல்லூரியில் பணியாற்றிய சிற்பி ஒருவர். ‘எழுத்து’ மரபினர் அவர்களைக் கூச்சல் என்றார்கள், இவர்கள் அவர்களை இருட்டறை என்ற பொருள்படப் பேசினார்கள். அந்தச் சண்டையில் இரு தரப்பும் மற்றவர் கவிதையைத் தம் கவிதையைவிடக் கவனமாகப் படித்தன. அதையெல்லாம் இலக்கிய வரலாறு என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நாம், பையன்கள் இருவர் ஓர் ‘ஆஃப்சைடு’க்காக வாதிட்டால் மட்டும் வேலையற்றவர்கள் என்கிறோம்.

நம் கோரிக்கை சிறியது. அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945இல் தோன்றியது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951, சி.ஐ.டி. 1956. பதினோரு ஆண்டுக்குள் ஒரே ஊரில் மூன்று. ஒன்று அரசுடையது, இரண்டு அறக்கட்டளைகளுடையவை. பீளமேட்டுக்கும் தடாகம் சாலைக்கும் இடையே நகரப் பேருந்தில் போய்வந்துவிடலாம். பகைக்கு இதைவிடப் பொருத்தமான ஜாதகம் அமையாது. ஒவ்வொருவரும் மற்றவர் களத்தில் ஒருமுறை, தம் களத்தில் ஒருமுறை ஆடட்டும். மொத்தம் ஆறு ஆட்டங்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. ஆண்டுதோறும் அதே வாரங்களில். வாயிற்காவலர் அடையாள அட்டை கேட்காமல் ஊர்க்காரரையும் பழைய மாணவரையும் உள்ளே விடட்டும். மாணவிகளின் ஆறு ஆட்டங்கள் அதே நாள்களில் அதற்கு முன்னால் நடக்கட்டும். முடிவுகளை நுழைவாயிலில் ஒரு பலகையில் எழுதி, அடுத்த ஆண்டு வரை அழிக்காமல் வைக்கட்டும்.