தோற்ற படம் 50 ஆண்டாக ஓடுகிறது!

படக் கொட்டகையில் கூட்டம் இல்லை. டிக்கெட் விற்கவில்லை. ஆனால் உள்ளே படம் ஓடியது!

2020-ம் ஆண்டில், கொரோனா நோய் உலகையே ஆட்டிப் படைத்தபோது நடந்தது இது. அமெரிக்காவில், போர்ட்லண்ட் நகரில், "கிளின்டன் தெரு தியேட்டர்" என்ற கொட்டகை இருக்கிறது. 1978-ம் ஆண்டு முதல் அங்கே வாரந்தோறும் ஒரு குறிப்பிட்ட படத்தை இரவுக் காட்சியாகக் காட்டி வருகிறார்கள். நோய் காரணமாகக் கொட்டகைகளை எல்லாம் மூடியபோதும் இந்த வழக்கம் நிற்கவில்லை. ஊழியர் ஒருவர் வாரம் தவறாமல் வந்து, காலி நாற்காலிகளுக்கு முன்னால் படத்தை ஓட்டினார்.

அது என்ன படம்? பக்திப் படமா? சரித்திரப் படமா? இரண்டும் இல்லை. "தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ" என்ற ஆங்கிலப் படம். ஆட்டமும் பாட்டும் விரசமும் கலந்த கேலிப் படம். குறைந்த செலவில் எடுத்தது. 1975-ம் ஆண்டில் வெளிவந்தபோது படுதோல்வி அடைந்தது!

தோற்றுப்போன படம் அரை நூற்றாண்டாக ஓடுவது எப்படி?

வேலை இல்லாத நடிகர்

இந்தக் கதையை எழுதியவர் ரிச்சர்டு ஓ பிரையன். இங்கிலாந்தில் பிறந்தவர். நியூசிலாந்தில் வளர்ந்தவர். அங்கே ஹாமில்டன் என்ற ஊரில் முடி திருத்தும் வேலை செய்தார். வேலை முடிந்ததும் கொட்டகைக்குப் போவார். பேய்ப் படம், வேற்றுக் கிரகப் படம் என்றால் அவருக்கு உயிர்.

பிறகு லண்டனுக்கு வந்து நடிகர் ஆனார். கையில் வேலை இல்லாத சமயத்தில், தாம் பார்த்த பழைய படங்களை எல்லாம் கேலி செய்து ஒரு பாட்டு நாடகம் எழுதினார். 1973-ம் ஆண்டு ஜூன் மாதம், ராயல் கோர்ட் நாடக அரங்கின் மாடியில் அது அரங்கேறியது. அந்த மாடியில் இருந்த நாற்காலிகள் 63 மட்டுமே!

நாடகத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. பெரிய அரங்குகளுக்கு மாறி, 1980-ம் ஆண்டு வரை லண்டனில் நடந்தது. இடையில் அமெரிக்க சினிமாக் கம்பெனி ஒன்று அதைப் படமாக எடுக்க முன்வந்தது. அதுதான் "டுவென்டியத் செஞ்சுரி பாக்ஸ்".

செலவுக்குக் கிடைத்தது சுமார் 14 லட்சம் டாலர். ஆங்கிலப் படத்துக்கு அது சிறிய தொகை. நாடகத்தை நடத்திய டைரக்டர் ஜிம் ஷார்மன்தான் படத்துக்கும் டைரக்டர். தேம்ஸ் நதிக் கரையில் இருந்த ஒரு பாழடைந்த மாளிகையில் படம் பிடித்தார்கள். குளிர் காலம். கணப்பு வசதி இல்லை. கதாநாயகியாக நடித்த சூசன் சரண்டனுக்கு நிமோனியா காய்ச்சல் வந்துவிட்டது. பின்னாளில் ஆஸ்கார் பரிசு பெற்ற நடிகை அவர்!

கதை என்ன?

நிச்சயதார்த்தம் முடிந்த ஓர் இளம் ஜோடி காரில் போகிறது. இருட்டு. மழை. கார் டயர் வெடிக்கிறது. டெலிபோன் செய்வதற்காகப் பக்கத்தில் உள்ள மாளிகைக்குப் போகிறார்கள். அங்கே பெண் உடையில், முகத்தில் சாயத்துடன், ஒரு விஞ்ஞானி நிற்கிறார். அவர் தமக்கென்று ஓர் ஆண் அழகனை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்! இரவு முழுவதும் ஆட்டமும் கூத்தும் நடக்கின்றன. கொலையும் விழுகிறது. கடைசியில், அந்த விஞ்ஞானி இந்த உலகத்தவரே அல்ல என்று தெரிகிறது.

இந்த விசித்திர விஞ்ஞானியாக நடித்தவர் டிம் கரி. மாளிகையின் வேலைக்காரனாக ஓ பிரையனே நடித்தார்.

படம் வெளிவந்தது. விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். பல ஊர்களில் கூட்டம் சேரவில்லை. கம்பெனி படத்தைச் சுருட்டி வைத்தது.

நள்ளிரவில் பிறந்த உயிர்

1976-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி. நியூயார்க்கில் "வேவர்லி" என்ற கொட்டகையில், இந்தப் படத்தை நள்ளிரவுக் காட்சியாகப் போட்டுப் பார்த்தார்கள். வந்தவர்கள் மறுபடியும் வந்தார்கள். நண்பர்களையும் கூட்டி வந்தார்கள்.

சில மாதங்களில் ஒரு வேடிக்கை தொடங்கியது. படத்தில் கதாநாயகி தலைமேல் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு மழையில் நடக்கிறாள். கொட்டகையில் இருந்த ஒருவர், "குடை வாங்கக் காசில்லையா?" என்ற பொருளில் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் இன்னொருவர் இன்னொன்று கத்தினார். நாளடைவில் படத்தின் ஒவ்வொரு வசனத்துக்கும் ரசிகர்களின் பதில் வசனம் பிறந்தது!

திரையில் கல்யாணம் நடந்தால், அரிசி பறக்கும். திரையில் மழை பெய்தால், தண்ணீர்த் துப்பாக்கி பீச்சும். பாத்திரங்களைப் போல் வேடம் போட்ட ரசிகர்கள், திரைக்கு முன்னால் நின்று கூடவே நடித்தார்கள். படம் பார்க்க வந்தவர்களே படத்தின் பாதி ஆனார்கள்.

வேறு நாடுகளுக்கும் இது பரவியது. ஜெர்மனியில், மியூனிச் நகரில் 1977-ம் ஆண்டு தொடங்கிய வாராந்தரக் காட்சி மிகவும் பெயர் பெற்றது.

ஏன் வந்தார்கள்?

வெறும் விரசத்துக்காக வந்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் விரசப் படங்கள் ஆயிரம் வந்தன; ஆயிரமும் மறைந்தன. இது மட்டும் ஏன் நின்றது?

அந்தக் காலத்து அமெரிக்காவை நினைத்துப் பார்க்கவேண்டும். ஆணும் ஆணும் காதலிப்பதைப் பல மாநிலங்களின் சட்டம் குற்றம் என்றது. மிச்சம் இருந்த அந்தச் சட்டங்களும் செல்லாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது 2003-ம் ஆண்டில்தான். ஆண் என்றோ பெண் என்றோ ஊர் வகுத்த கட்டுக்குள் அடங்காதவர்களைக் கேலி செய்தார்கள், அடித்தார்கள், வீட்டை விட்டும் விரட்டினார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்கு இந்தக் கொட்டகை புகலிடம் ஆயிற்று. பகலில் ஒளிந்து வாழ்ந்தவர்கள், நள்ளிரவில் இரண்டு மணி நேரம் தலை நிமிர்ந்து இருந்தார்கள். பள்ளியில் தோழமை கிடைக்காத பிள்ளைகளுக்கும் இங்கே தோழமை கிடைத்தது. தாம் முழு ஆணும் அல்ல, முழுப் பெண்ணும் அல்ல என்று ஓ பிரையனே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். தன் வேதனையைச் சிரிப்பாக மாற்றி எழுதியவரின் கதை, அதே வேதனை உள்ளவர்களைப் போய்ச் சேர்ந்தது.

குறையே இல்லையா?

உண்டு. இது குழந்தைகள் பார்க்கவேண்டிய படம் அல்ல. அமெரிக்காவிலேயே 17 வயது நிரம்பாதவர்கள் பெரியவர் துணையுடன்தான் பார்க்கலாம். அந்த விஞ்ஞானி ஆள் மாறாட்டம் செய்து அந்த ஜோடியை ஏமாற்றும் காட்சி, இன்று பலருக்குச் சிரிப்பை அல்ல, அருவருப்பையே தருகிறது. படத்தில் வரும் சில சொற்களையும் இன்று மரியாதையான சொற்களாக யாரும் கொள்வதில்லை.

ஆனாலும் 2005-ம் ஆண்டில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்கவேண்டிய படங்களின் பட்டியலில் இதையும் சேர்த்தது. மக்கள் வாழ்வில் ஒரு படம் என்ன செய்தது என்பதையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது.

பணத்தால் முடியாதது

இந்த வெற்றியைக் கண்டு கம்பெனிக்கு ஆசை பிறந்தது. 1981-ம் ஆண்டில், அதே எழுத்தாளர், அதே டைரக்டரைக் கொண்டு "ஷாக் டிரீட்மென்ட்" என்ற படத்தை எடுத்தது. நள்ளிரவுக் காட்சியாகவே வெளியிட்டது. ரசிகர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. மக்களாகக் கொடுத்த அன்பை, பணம் கொடுத்து வாங்க முடியவில்லை!

2019-ம் ஆண்டில் டிஸ்னி கம்பெனி பாக்ஸ் கம்பெனியின் சினிமாத் தொழிலை வாங்கியது. பழைய பாக்ஸ் படங்கள் பலவற்றைக் கொட்டகைகளுக்குத் தராமல் பெட்டியில் பூட்டியது. ஆனால் இந்தப் படத்தின் மேல் கை வைக்கவில்லை. காரணம், படத்தின் உரிமை கம்பெனியிடம் இருந்தாலும், உயிர் ரசிகர்களிடம் இருக்கிறது.

2025-ம் ஆண்டில் படத்துக்குப் பொன் விழா. ஓ பிரையனின் மகன் லைனஸ், இதன் வரலாற்றைச் செய்திப் படமாக எடுத்து வெளியிட்டார்.

இன்று படம் பார்க்க யாரும் வெளியே போகவேண்டியது இல்லை. கையில் உள்ள போனிலேயே எல்லாம் வந்துவிடுகிறது. இந்தப் படத்தையும் வீட்டில் தனியாகப் பார்க்கலாம். பார்த்தால், சாதாரணப் படமாகத்தான் தெரியும். பக்கத்தில் கத்துவதற்கு ஆள் இல்லை. அரிசி எறியக் கூட்டம் இல்லை.

போர்ட்லண்ட் ஊழியர் காலிக் கொட்டகையில் காத்தது ஒரு படத்தை மட்டும் அல்ல; மக்கள் கூடுவதற்கான ஓர் இடத்தை. அந்த இடம் போய்விட்டால், எத்தனை கோடி செலவழித்தாலும் இன்னொரு "ராக்கி ஹாரர்" பிறக்காது!