கருடன் வட்டமிடுவது யாருக்காக?

படகு நின்றதும் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தலைக்கு மேலே முப்பது, நாற்பது செம்பருந்துகள். வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செம்பழுப்பு இறக்கை. கோவில் கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு நீர் ஊற்றும் நேரத்தில் ஒன்றாவது வந்து வட்டமிடாதா என்று கழுத்து வலிக்க வானத்தைப் பார்ப்போமே, அதே கருடன். ஊரில் ஒன்றைக் கண்டாலே புண்ணியம் என்று சொல்லும் பெரியம்மாவுக்கு ஒரே இடத்தில் இத்தனை! கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அடுத்த நிமிடம் படகோட்டி ஒரு வாளியின் மூடியைத் திறந்தார். உள்ளே கோழித்தோல். அள்ளித் தண்ணீரில் வீசிவிட்டு, மோட்டாரை இரண்டு முறை உறுமவிட்டார். பருந்துகள் வரிசையாக இறங்கின. எங்களைச் சுற்றி நின்ற ஐந்து படகுகளிலும் கைபேசிகள் உயர்ந்தன. ஏழெட்டு நிமிடம் இருக்கும். பிறகு எல்லாப் படகுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சீறிக்கொண்டு கிளம்பின.

"அது கோழியாடா?" என்று பெரியம்மா மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

லங்காவியின் வடகிழக்கில் உள்ள கிலிம் சுண்ணாம்புக்கல் புவிப்பூங்காவுக்குப் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடும், ஆலயக் குழுக்களோடும், இளைஞர் மன்றங்களோடும் பேருந்து பிடித்துக் கோலா பெர்லிஸ், கோலா கெடா வழியாகத் தீவுக்குப் போகும் நம்மவர்கள் ஏராளம். 'மலேசியாவுக்கு வருகை தாருங்கள் 2026' என்று நாடே உலகை அழைத்திருக்கும் நேரத்தில், அந்த அழைப்பின் முகப்புப் படங்களில் லங்காவியின் பாறைக் கரைகள் கட்டாயம் இடம்பெறுகின்றன. வருகிறவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள், அதனால் கரை என்ன ஆகிறது என்ற கேள்வி மட்டும் படங்களில் வருவதில்லை.

இந்தக் கரை சாதாரணக் கரையன்று. கிலிமின் சுண்ணாம்புப் பாறைகள் 40 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தவை. மழைநீர் அரித்து அரித்துக் குகைகளும் செங்குத்துச் சுவர்களும் ஆகிவிட்டன. பாறைக்கும் கடலுக்கும் நடுவே குறுகலான சேற்றுப் படுகை. அதில்தான் சதுப்புநிலக் காடு நிற்கிறது. இந்த அமைப்புக்காகவும், மேற்கே உள்ள மச்சிஞ்சாங் மலையின் இன்னும் பழைய மணற்பாறைக்காகவும்தான் 2007 ஜூன் மாதம் லங்காவி யுனெஸ்கோ ஆதரவு பெற்ற புவிப்பூங்கா ஆனது. தென்கிழக்காசியாவில் அதுவே முதல். தீவின் பெயரிலும் இந்தப் பறவை உண்டு. மலாயில் 'ஹெலாங்' என்றால் பருந்து, 'காவி' என்றால் செம்பழுப்பு என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். ('காவி' நமக்கும் பழகிய நிறம்தான்.) குவா நகரின் படகுத்துறையில் 12 மீட்டர் உயரச் சிலையாக நிற்பதும் இதே பறவைதான்.

கோழித்தோலில் என்ன கெடுதல்? இயற்கை ஆர்வலர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் கவலை இது. மீனும் நண்டும் பிடித்துத் தின்னும் பறவைக்கு எலும்பும் ஓடும் சேர்ந்தே உள்ளே போகிறது. சுண்ணாம்புச் சத்து அதில்தான் இருக்கிறது. வெறும் கொழுப்புத் தோலை மட்டும் தின்றால் முட்டையோடு உறுதி குறையும், குஞ்சு பெற்றோரிடம் வேட்டை கற்றுக்கொள்ளாது என்கிறார்கள். அதே வேளையில் இன்னோர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். செம்பருந்து அருகிவரும் பறவை அன்று. இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவி வாழ்கிறது. கிலிமில் உணவூட்டுவதால் இந்த இனமே அழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் அது மிகை. படகு நடத்துவோர் இந்த மிகையைப் பிடித்துக்கொண்டுதான், "பருந்து நன்றாகத்தானே இருக்கிறது, பாருங்கள்" என்று வாதத்தை முடித்துவிடுகிறார்கள்.

எனவே நான் பருந்தை விட்டுவிட்டுப் படகுகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

கிலிம் ஆறு காற்றுக்கு மறைவான இடம். இயற்கையில் அங்கே பெரிய அலை இல்லை. அதனால்தான் மாவு போன்ற மென்சேறு கரையில் தங்குகிறது. அந்தச் சேற்றில்தான் மலாய்க்காரர்கள் 'பாக்காவ்' என்று அழைக்கும் மரம் தாங்குவேர்களை ஊன்றி நிற்கிறது. பல்கலைக்கழகத்தில் நெய்தல் திணை படித்தபோது 'கண்டல்' என்ற சொல்லைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன் நான். அந்தக் காட்டு மரத்தின் வேரைக் கையால் தொட்டது கிலிமில்தான். தொட்ட வேர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் மண் இல்லை.

விரைவுப் படகு எழுப்பும் அலை அந்த மண்ணை உறிஞ்சி எடுக்கிறது. அலையின் உயரம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். இது பள்ளி இயற்பியல். பலரும் அறியாத ஒன்று என்னவென்றால், மிகப் பெரிய அலை வருவது படகு முழு வேகத்தில் பறக்கும்போது அன்று. மூக்கைத் தூக்கி, பின்புறம் அமிழ்ந்து, வேகமெடுக்கத் தொடங்கும் அந்த இடைப்பட்ட நிலையில்தான். அதாவது நின்ற படகு கிளம்பும்போதும், பறக்கும் படகு வேகம் குறைக்கும்போதும். இப்போது பருந்துக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஐந்தாறு படகுகள் ஒரே இடத்துக்கு விரைந்து வந்து வேகம் குறைக்கின்றன, மோட்டாரை உறுமவிடுகின்றன, பிறகு ஒன்றாகச் சீறிக் கிளம்புகின்றன. ஒவ்வொரு நாளும், மணிக்கு எத்தனையோ முறை. கரையோரம் சாய்ந்தும் விழுந்தும் கிடக்கும் மரங்களை யாரும் எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. கண்ணுக்கே தெரிகின்றன.

மரம் விழுந்தால் விழட்டுமே, பாறை நிற்கிறதே என்று சொல்ல முடியாது. மீனும் இறாலும் குஞ்சு பொரித்து வளரும் இடம் அந்த வேர்க்கூட்டம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நம் நாட்டில் 68 பேர் உயிரிழந்தார்கள். லங்காவியில் கோலா தெரியாங் பக்கம் மீனவர் வீடுகள் நொறுங்கின. சதுப்புநிலக் காடு அலையின் வேகத்தை உடைக்கும் என்ற பேச்சு நம் மக்களிடையே பரவலானது அதற்குப் பிறகுதான். இருபது ஆண்டுகளில் மறந்துவிட்டோம் போலிருக்கிறது.

இனி படகோட்டியின் பக்கம். எங்களை அழைத்துப் போனவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தகப்பனார் காலத்தில் இதே ஆற்றில் மீன் பிடித்தவர்களாம். சுற்றுலா வந்தபின் படகின் வேலை மாறியது. "நான் போடவில்லை என்றால் அடுத்த படகுக்காரன் போடுவான். என் படகில் வந்தவர்கள் 'அங்கே மட்டும் பருந்து வருகிறதே' என்று கேட்பார்கள். அப்புறம் இணையத்தில் ஒரு நட்சத்திரம்தான்," என்றார் சிரித்துக்கொண்டே. அவரைக் கொடியவராக எழுத எனக்கு மனமில்லை. வாளி அவர் கையில் இருந்தாலும் வாளிக்குக் காரணம் வேறு.

காரணம், பயணம் விற்கப்படும் முறை. கிலிமில் படகு மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படுகிறது. அந்த மணிக்குள் வௌவால் குகை, முதலைக் குகை, மிதக்கும் மீன் பண்ணை, பருந்து, திறந்த கடல், தஞ்சோங் ரூ கடற்கரை என்று நிறுத்தங்களின் பட்டியல். நிறுத்தம் அதிகமானால் காசுக்கு மதிப்பு அதிகம் என்பது வாடிக்கையாளர் கணக்கு. பட்டியலை முடிக்க வேகம் வேண்டும். பருந்து அதன் நேரத்துக்கு வரும்வரை காத்திருக்க முடியாது. அதனால் அதை வரவழைக்கக் கோழித்தோல் வேண்டும். வேகமும் வாளியும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். பல விளம்பரத் தாள்களில் இப்போது 'பருந்துக்கு உணவூட்டல்' என்பது 'பருந்து பார்த்தல்' என்று மாறியிருக்கிறது. ஆனால் பட்டியலில் அதற்கு ஒதுக்கிய நேரம் அப்படியே இருக்கிறது. சொல்லை மாற்றினால் பறவை சொன்ன நேரத்துக்கு வந்துவிடுமா என்ன?

தடை போட்டால் சரியாகிவிடும் என்பவர்கள் சிங்கப்பூரைக் காட்டுகிறார்கள். அங்கே 2020 ஜூன் முதல் வனவிலங்குகளுக்கு வேண்டுமென்றே உணவு கொடுப்பது குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை, மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம். பூங்காக் குரங்குகளுக்கு ரொட்டி கொடுப்பவரைப் பிடிக்க அது உதவும். ஒவ்வொரு மூலையிலும் கண்காணிப்பு உள்ள சிறு தீவு அது. தொண்ணூற்றொன்பது தீவுகளும் எண்ணற்ற ஓடைகளும் உள்ள லங்காவியில் யார் நின்று பார்ப்பது? சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டும் போதாது என்கிறேன்.

அருகிலேயே இன்னொரு பாடம் உண்டு. அந்தமான் கடலின் அதே சுண்ணாம்புக் கரைத் தொடரில், தாய்லாந்தின் மாயா விரிகுடா. திரைப்படம் ஒன்றால் புகழ்பெற்று, ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை வந்து, படகு நங்கூரங்களால் பவளப்பாறை நொறுங்கிய இடம். 2018 ஜூனில் சில மாதங்களுக்கு என்று மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். திறந்தபோது செய்த முக்கியமான மாற்றம், படகுகளை விரிகுடாவுக்குள் விடாமல் தீவின் பின்புறத்தில் நிறுத்தியது. மக்கள் நடந்து வந்து பார்க்கிறார்கள். எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஆண்டுதோறும் சில வாரங்கள் மூடியும் வைக்கிறார்கள். மூடியிருந்த காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்தன. வருகையாளர் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. படகு நிற்கும் இடம் மாறியது. எனக்கு அதுதான் பெரிய செய்தியாகப் படுகிறது.

லங்காவிக்கும் ஒரு கண்காணிப்பு இருக்கிறது. யுனெஸ்கோ புவிப்பூங்காத் தகுதி நிரந்தரமானதன்று. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு. நன்றாக இருந்தால் பச்சை அட்டை, குறை இருந்தால் மஞ்சள், அதன்பிறகும் திருந்தாவிட்டால் சிவப்பு, அதாவது தகுதி நீக்கம். 2014இல் லங்காவி மஞ்சள் அட்டை வாங்கி, மறு ஆண்டு பச்சைக்குத் திரும்பியது. அதற்குப் பருந்து மட்டும் காரணமன்று, நிர்வாகக் குறைகள் பல. ஆனால் அந்த ஓராண்டில் தீவு விழுந்தடித்து வேலை செய்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். முடியாது என்பது இல்லை.

என் பார்வையில் தொடங்க வேண்டிய இடம் கட்டணப் பலகை. மணிக்கு இவ்வளவு என்பதற்குப் பதில் ஒரு தடத்துக்கு இவ்வளவு என்று விற்கலாம். குகையும் காடும் மட்டும் உள்ள தடம், ஆற்றுக்குள் முழுக்க மெதுவோட்டம், இயற்கை வழிகாட்டி ஒருவர். படகோட்டிக்கு வருமானம் குறையாத விலை. திறந்த கடலும் வேகமும் வேண்டுவோர்க்குத் தனித் தடம், அது ஆற்று வாய்க்கு வெளியே. துடுப்புப் படகில் போகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்கள் சிற்றோடைக்குள் நுழைந்து, மரத்தில் சுருண்டு கிடக்கும் பாம்பையும் சேற்றில் தத்தும் மீனையும் பார்க்கிறார்கள். விரைவுப் படகு எழுப்பும் அலையில் அவர்கள் கவிழப் பார்ப்பதையும் கண்டேன். ஓடைகளை நேரம் பிரித்துக் கொடுத்தால் அதுவும் தீரும்.

நம் பக்கமும் ஒரு பங்கு இருக்கிறது. பேருந்து நிரம்ப ஆள் சேர்த்துப் போகும் நம் சங்கங்களும் ஆலயங்களும் ஒரே நாளில் நான்கைந்து படகுகள் எடுப்பவை. மொத்தமாக எடுக்கும் வாடிக்கையாளர் சொன்னால் படகு நிறுவனம் கேட்கும். முன்பதிவு செய்யும்போதே 'உணவு போட வேண்டாம், ஆற்றில் மெதுவாகப் போங்கள், இரண்டு நிறுத்தம் குறைந்தாலும் பரவாயில்லை' என்று சொல்லலாம். கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சமூகம், அதை வாளியைக் காட்டி இறக்கிப் படம் பிடிப்பது எப்படிப் பொருந்தும் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "பசிக்கு வந்தது, பாவம். நமக்காக வந்ததுன்னு நான்தான் நெனச்சுக்கிட்டேன்," என்றார்.

அடுத்த முறை தங்கையோடு போனபோது ஏறுவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். படகோட்டி வேறு ஆள், இளைஞர். "மாக்கானான் போடாமல் போகலாமா, பாங்?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பருந்து வராமல் போகலாம். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது," என்றார். சம்மதித்தேன். வழக்கமான இடத்தை ஓரமாகக் கடந்து, இன்னும் உள்ளே போய், மோட்டாரை அணைத்தார். இருபது நிமிடம். கொசு கடித்தது. ஒரே ஒரு செம்பருந்து, நன்றாக உயரத்தில், பாறைச் சுவரை ஒட்டி இரண்டு சுற்று வந்து, மறுபுறம் ஆற்று வளைவில் செங்குத்தாக இறங்கி எதையோ கவ்விக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. தங்கை கைபேசியில் எடுத்த படத்தில் அது ஒரு புள்ளியாக இருக்கிறது. வீட்டில் பெரியம்மாவிடம் காட்டியபோது கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தார்.